ஊதினால் வராத சத்தம்

தம்பி, கண்டமங்கலத்தில் உன் நிச்சயதார்த்தம் முடிந்து விழுப்புரம் திரும்பும் வழியில், காரின் முன்சீட்டிலிருந்து திரும்பி நீ என்னைக் கேட்டாய்: "கோவமாம்மா?" நான் இல்லை என்று தலையசைத்தேன். வளவனூர் தாண்டியதும் மறுபடி கேட்டாய். மறுபடியும் தலையசைத்தேன். அது பொய் இல்லை. ஆனால் முழுப் பதிலும் இல்லை. முழுப் பதிலை வாயால் சொல்ல, இப்போது இருக்கிற தொண்டைக்கு வெகுநேரம் பிடிக்கும். நடுவில் நீ "சரிம்மா, புரிஞ்சிடுச்சும்மா" என்பாய். புரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் குறுக்கே வருவதில்லை. சபையில் நான் சொல்ல வேண்டிய வார்த்தையை எனக்குப் பதிலாக நீ சொன்னாயே, அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். உனக்குத் தெரிந்த விஷயங்களும் இதில் வரும். அடுத்த மாதம் கல்யாணம் முடிந்தால் அபிநயாவும் இதைப் படிக்கலாம். அவளுக்காக முதலிலிருந்தே சொல்கிறேன்.

போன வருஷம் மழைக்கு முன்னால் எனக்குப் பாண்டிச்சேரியில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டி கெட்டது இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. நீ பூனாவிலிருந்து வந்து பத்து நாள் இருந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று கிளம்பிப் போனாய். கழுத்தில் தையல் ஆறியது. குரல் வரவில்லை. குரல்நாண் இரண்டில் ஒன்று சோர்ந்து போய்விட்டது, இரண்டும் ஒட்டினால்தான் சத்தம் வரும், ஒட்டாத இடைவெளியில் காற்று ஓடிவிடுகிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். டயரில் காற்று இறங்குவதுபோல ஒரு சத்தம்தான் என் பேச்சாக இருந்தது. திண்டிவனத்தில் என் லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலைக்குக் குரல் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நான் கூப்பிட்டால் மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டாது. பேனாவால் மேசையைத் தட்டுவேன். தட்டினால் பெஞ்சில் இருக்கிற எல்லோரும் எழுந்து வருவார்கள்.

ஒரு விஷயத்தை அப்போது கவனித்தேன். குரல் போனவளுக்குக் காதும் போய்விட்டது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். "அம்மா, வெறும் வயித்துலதான் வந்திருக்கேன்" என்று என் முகத்துக்கு நேரே கத்துவார்கள். இன்னொன்றையும் கவனித்தேன். நான் வாய் திறந்ததும், பக்கத்தில் யார் இருந்தாலும் எனக்காகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பஸ்ஸில் கண்டக்டரிடம் நான் "விழு" என்பதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் "விழுப்புரம் ஒண்ணு" என்பார். அது பரவாயில்லை, ஊர் சரிதான். ஆனால் நீயும் அப்படித்தான். வீடியோ காலில் நான் "இன்னைக்கு" என்று தொடங்கினால், "இன்னைக்கு லேப் போகலியாம்மா? போவாத, ரெஸ்ட் எடு" என்பாய். நான் சொல்ல வந்தது, அன்றைக்குக் காலையில் நம் வாசலில் ஒரு கீரிப்பிள்ளை வந்து நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனது என்பது. அந்தக் கீரி உனக்கு இன்று வரை வந்து சேரவில்லை.

இது உனக்கு என்னிடமிருந்தே வந்திருக்கலாம். நாம் திண்டிவனத்தில் குடியிருந்தபோது உனக்கு ஆறு வயது. முகத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளாக அழுதாய் என்று குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போனேன். "எங்கடா வலிக்குது" என்று உன்னிடம் கேட்டார். "காது டாக்டர், ரெண்டு நாளா காது" என்று நான் சொன்னேன். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து வண்டியில் ஏறிய பிறகு நீ சொன்னாய்: "காது இல்லம்மா, பல்லு." உன் அப்பா அதை ஒரு வருஷம் சொல்லிச் சிரித்தார். அப்பா போன பிறகு, பென்ஷன் ஆபீஸ், பேங்க், உன் ஸ்கூல் என்று எங்கே போனாலும் உன் பெரியப்பா கூட வருவார். அதிகாரி என்னைக் கேட்பார், பெரியப்பா பதில் சொல்வார். "அவங்க இன்னா சொல்ல வர்றாங்கன்னா சார்" என்றுதான் ஆரம்பிப்பார். நான் அதுவரை எதையும் சொல்ல வந்திருக்க மாட்டேன். அவர் உதவிதான் செய்தார். அந்த உதவி இல்லாவிட்டால் பல காரியம் நடந்திருக்காது. இப்படி, ஆபரேஷனுக்கு முன்பும் என் பேச்சில் பாதியை மற்றவர்கள்தான் பேசிவந்தார்கள். அப்போது குரல் இருந்ததால் எனக்கு அது தெரியவில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு என்னை அனுப்பிய இடத்தில் பிரீத்தி என்ற பெண் இருந்தாள். உன்னைவிட ஒரு வயது சின்னவளாக இருப்பாள். ஸ்ட்ராவைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விடச் சொன்னாள். மூச்சை எண்ணச் சொன்னாள். ஒரு நாள் மேசை இழுப்பறையிலிருந்து பிளாஸ்டிக் சாமான் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள். மத்தி மீன் அளவு, ஒரு முனை அகலம், ஒரு முனை ஒடுக்கம், முதுகில் வட்டமாக ஒரு வாய், அதற்குள் சவ்வுபோல மெல்லிய தாள். "இதுக்குப் பேரு கசூ மேடம். மியூசிக் சாமான்தான். பர்த்டே பார்ட்டில பசங்க வச்சிருப்பாங்க." அகலமான முனையை வாயில் வைத்து ஊதினேன். காற்று போனது, சத்தம் வரவில்லை. இன்னும் பலமாக ஊதினேன்.

"ஊதாதீங்க மேடம். ஊதினா ஒண்ணும் வராது. பாடுங்க."

எனக்குப் பாடத் தெரியாது என்று சைகை செய்தேன்.

"அப்ப முனகுங்க. மிக்சில சட்னி அரைச்சிக்கினு இருக்கும்போது யாராவது கூப்பிட்டா, வாயத் திறக்காம ம்ம்ம்னு சொல்வீங்க இல்ல, அது."

அவள் தன்னுடையதை எடுத்து வாயில் வைத்தாள். அறை முழுக்க ஒரு கருவண்டு சுற்றியதுபோல இருந்தது. நான் முயன்றேன். கொர் என்று துளி சத்தம் வந்து அறுந்தது. பிரீத்தி கைதட்டினாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நாற்பத்தெட்டு வயதில், பி.எஸ்ஸி. படித்து, ஊர் ரத்தத்தையெல்லாம் பரிசோதித்துக் கையெழுத்துப் போடுகிற ஒருத்தி, பிறந்தநாள் பீப்பீயிலிருந்து ஒரு கொர் வரவழைத்ததற்குக் கைதட்டல். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். புல்லாங்குழலில் காற்றை விட்டால் குழல் சத்தம் போடும், ஊதுகிறவன் ஊமையாக இருந்தாலும் போடும். இந்தச் சாமானுக்கு அப்படிச் சொந்தமாக ஒரு சுரமும் இல்லை. நாம் கொடுத்தால்தான் திருப்பித் தரும். குரல் ஒட்டுகிற நேரம் மட்டும் தாள் அதிரும், காற்று கசிகிற நேரம் சும்மா கிடக்கும். என் தொண்டைக்குள் நடப்பது எனக்கே தெரியாதபோது இது சொல்லிவிடுகிறது. லேப்பில் இருப்பவளுக்கு அந்த மாதிரிச் சாமான் பிடிக்கும்.

அன்றைக்கு இரவு ஒரு கசூ வேண்டும் என்று உனக்கு மெசேஜ் அனுப்பினேன். நீ எதற்கு என்று கேட்காமலேயே ஊதா நிறத்தில் ஒன்று வரவழைத்துக் கொடுத்தாய். கேட்காமல் வாங்கிக் கொடுப்பதில் உனக்கு ஈடு யாரும் இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதை எடுத்து ஊதிப் பார்த்தார்கள். எல்லோரும் ஊதத்தான் செய்தார்கள். உன் பெரியம்மா முகம் சிவக்க ஊதிவிட்டு, "ஏமாத்திட்டான்டி கடக்காரன், ரிப்பேரு பீஸு" என்று கீழே வைத்தார். முனக வேண்டும் என்று காட்டினேன். "ச்சீ, நாலு பேரு எதிர்ல எவ முனகுவா" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஊதுவதற்கு வெட்கம் இல்லை, அது வெறும் காற்று. முனகினால் நம் குரல் அல்லவா வெளியே வந்துவிடுகிறது.

எனக்கும் அந்த வெட்கம் இருந்தது. நம் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும் என்பது உனக்குத் தெரியும். அதனால் தண்ணீர் மோட்டார் ஓடுகிற நேரத்தில் பயிற்சி செய்வது என்று வைத்துக்கொண்டேன். சாயங்காலம் லேப்பிலிருந்து வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு, பின்கட்டில் அதன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்வேன். மோட்டாரின் சத்தத்தோடு என் சத்தத்தைச் சேர்ப்பேன். சேர்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகி, எது என்னுடையது என்று தெரியாது. சில நாளில் மூச்சு முடிகிறவரை ஒரே சுரத்தில் நிற்க முடிந்தது. தண்ணீர் நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா கத்துவார்: "தண்ணி ரோட்ல ஓடுது, உள்ள இன்னாம்மா பண்ணிக்கினு கீற? மோட்டாரு வேற ஒரு மாதிரி கத்துது, மெக்கானிக்க வரச் சொல்லு." ஒரு மாதிரி கத்தியது நான்.

பெருமையாகப் பிரீத்தியிடம் போய்ச் செய்து காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். மறுபடி செய்யச் சொன்னாள். "நல்லா ஸ்டெடியா வருது மேடம். ஆனா ஒவ்வொரு தடவையும் பாதியில கொஞ்சம் கீழ எறங்கி, அப்புறம் ஏறுறீங்களே, அது ஏன்?" எனக்கும் புரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது புரிந்தது. சாயங்காலம் நம் தெருவில் வோல்டேஜ் குறையும். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மோட்டார் போடுவார்கள். மோட்டார் முக்கிக்கொண்டு கீழே இறங்கும், பிறகு தேறும். நான் அதையும் சேர்த்தே கற்றுக்கொண்டுவிட்டேன். அடுத்த முறை இதை எழுதிக் காட்டியபோது பிரீத்தி நாற்காலியிலிருந்து விழப் பார்த்தாள். "விழுப்புரம் ஈ.பி.க்கு சுருதி சேத்துக்கினு வந்திருக்கீங்க" என்றாள். நானும் சிரித்தேன். சிரிப்பில் சத்தம் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு மோட்டாரை விட்டுவிட்டு பஸ்ஸில் பயிற்சி செய்தேன். திண்டிவனத்திலிருந்து வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, கையால் மறைத்துக்கொண்டு. எதிரே வருகிற பஸ்களின் ஹாரனைத் திருப்பிச் செய்வதுதான் பாடம். சில தனியார் பஸ்காரர்கள் ஹாரனிலேயே பாதிப் பாட்டை முடித்துவிடுவார்கள், உனக்குத் தெரியுமே. ஏறி இறங்கி வளைந்து போகிற அந்தச் சத்தத்தை முனகி முனகி மேல்சுரம் தொட ஆரம்பித்தேன். ஒரு நாள் பக்கத்தில் மல்லாட்டை மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மா என் கையைத் தொட்டார்.

"இன்னாக்கா அது, வீசிங்குக்கு அடிக்கிற பம்ப்பா?"

இல்லை என்றேன்.

"எங்க மாமனாரும் இப்டித்தான் வச்சிக்கினு கீறாரு. ஆனா அது இப்டி அழுவாது."

"பாட்டு கத்துக்கறேன்" என்றேன். என் குரலைக் கேட்டுவிட்டு அவர் மூட்டையின் வாயை அவிழ்த்தார். பிறகு, "எதனாச்சும் கத்துக்கணும்தான்" என்று ஒரு பிடி கடலையை அள்ளி என் மடியில் போட்டார். இறங்கும்வரை அவர் பேசினார், நான் பேசினேன். நான் நிறுத்திய இடங்களில் அவர் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். அது எனக்கு வசதியாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் அபிநயாவைப் பற்றி நீ சொன்னாய். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசி, நாள் குறித்தாயிற்று. நிச்சயத்தில் தட்டு மாற்றும்போது மாப்பிள்ளை வீட்டார் "பாக்கு உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு" என்று சபைக்குக் கேட்கும்படி மூன்று முறை சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் பெண் வீட்டார் "பாக்கு எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு" என்று பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது முறை முடிந்தால்தான் தட்டு கை மாறும். நம் பக்கத்தில் அப்பா சொல்வார், இல்லாவிட்டால் மாமன் சொல்வார், பெரியப்பா சொல்வார். உன் பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார்.

"தொண்டை இப்டி கீற நேரத்துல உனக்கு எதுக்கும்மா பேஜாரு. நான் நின்னு சொல்லிட்றேன்."

"நானே சொல்றேன் மாமா" என்றேன்.

அவர் பெரியம்மா பக்கம் திரும்பினார். "இன்னா சொல்லுது?"

"அவளே சொல்றாளாம்."

"அதெப்படி? தட்ட யாரு புடிப்பாங்க?"

"கையி கீதே அவளுக்கு. ஆபரேசன் தொண்டையிலதான பண்ணாங்க, கையிலயா பண்ணாங்க?"

"சபைன்னு ஒண்ணு கீது, தெரியுதா?"

"சபை சோறு துன்ன வருது. வடை சூடா போட்டா சபை ஒண்ணும் சொல்லாது."

பெரியப்பாவுக்குக் காரணம் இரண்டு இருந்தது. ஒன்று என் தொண்டை. இன்னொன்று என் நெற்றி. புருஷன் இல்லாதவள் தட்டைத் தொட்டு நல்ல வார்த்தை சொல்லலாமா என்பது. அதை அவர் வாயில் எடுக்கவில்லை. எடுக்காததை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். தொண்டை சரியாக இருந்திருந்தால் அந்த இரண்டாவது காரணத்தை அவர் சொல்லியே ஆகவேண்டி வந்திருக்கும், நாங்கள் இருவரும் சங்கடப்பட்டிருப்போம். அவர் மனம் கெட்டவர் இல்லை. வெகுநேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, பெண் வீட்டாருக்குப் போன் போட்டுக் கேட்டார். "பெத்தவங்க வாயால கேட்டா வேணான்னு சொல்வமா" என்றார் அபிநயாவின் அம்மா. போனை வைத்துவிட்டு உன் பெரியப்பா ஒரு நிபந்தனை போட்டார்: "கடைசி வரிசைல கீறவனுக்குக் கேக்கணும். கேக்கலன்னா நான் எடுத்து சொல்லிடுவேன். அப்ப வருத்தப்படக் கூடாது." மைக் வைத்துக்கொள்ளலாமே என்று நீ பூனாவிலிருந்து யோசனை சொன்னாய். "மைக்குல பொண்ணு கேட்டா அது கட்சி மீட்டிங்குடா" என்றார்.

எனக்கு ஏன் அது அவ்வளவு வேண்டியிருந்தது என்று நீ கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். உன் படிப்புக்கு, உன் அப்பாவின் காரியத்துக்கு, இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்ததற்கு என்று எல்லாவற்றுக்கும் முடிவு எடுத்தவள் நான், சபையில் சொன்னவர் வேறு ஒருவர். ஒரு தடவையாவது முடிவும் வாயும் ஒரே ஆளுடையதாக இருக்கட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

பிரீத்தி ஒரு வழி சொன்னாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தை முதலில் கசூவில் முனக வேண்டும். எழுத்து இல்லாமல், அதன் ஏற்ற இறக்கம் மட்டும். பிறகு கசூவை எடுத்துவிட்டு, உதட்டை மூடி ஒரு "ம்" பிடித்து, அந்த "ம்" அறுவதற்கு முன்னால் வார்த்தைக்குள் நுழைய வேண்டும். "வாய்க்கால்ல தண்ணி விட்டுட்டு அப்புறம் படகு விடற மாதிரி மேடம்" என்றாள். பாக்கு உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு. முழுவதும் ஒரே மூச்சில் எனக்கு வரவில்லை. "உங்களுக்கு" என்ற இடத்தில் காற்று தீர்ந்துவிடும். நின்று மூச்செடுத்துத்தான் மீதியைச் சொல்ல முடியும். நிற்பது தப்பில்லை, அவசரப்படுவதுதான் தப்பு என்றாள் பிரீத்தி. பெரியம்மாவோடு திருவக்கரை கோயிலுக்குப் போனபோது, அவர் வரிசையில் நிற்கட்டும் என்று நான் அந்தக் காலத்து மரங்கள் கல்லாகிக் கிடக்கிற கல்மரப் பூங்காவுக்குப் போனேன். வெயிலில் ஒருவரும் இல்லை. அங்கே நின்று முழுக் குரலில் சொல்லிப் பார்த்தேன். காவல்காரர் எட்டிப் பார்த்து, "யார்கிட்டம்மா பொண்ணு கேக்கற" என்றார். அவர் நின்ற இடம் ஒரு சபையின் கடைசி வரிசையைவிடத் தூரம். எனக்குத் தைரியம் வந்தது.

மீதி உனக்கு முன்னால் நடந்தது. ஆனால் நான் இருந்த இடத்திலிருந்து நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய். அவர்கள் வீட்டு வாசலில் பந்தல். தட்டு கனம். மறுபுறம் அபிநயாவின் அப்பாவும் அம்மாவும். பெரியப்பா என் பக்கத்தில் நிற்பார் என்று நினைத்திருந்தேன், காணவில்லை. முதல் முறை சொன்னேன். பாக்கு உங்களுக்கு. மூச்சு. பொண்ணு எங்களுக்கு. அவர்கள் பதில் சொன்னார்கள். இரண்டாம் முறை சொன்னேன், முதல் முறையைவிட நன்றாக வந்தது. மூன்றாம் முறை "பாக்கு உங்களுக்கு" என்று சொல்லி நின்றபோது, கற்பூரப் புகை தொண்டையில் இறங்கியது. இருமினால் எல்லாம் போய்விடும். வாயை மூடி எச்சில் விழுங்கினேன். மூச்சு முழுதாக வரட்டும் என்று காத்திருந்தேன். நான் தோற்கவில்லை தம்பி. நடுவில் நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

அப்போது என் தோளுக்குப் பின்னாலிருந்து நீ சொன்னாய், "பொண்ணு எங்களுக்கு." கணீரென்று, உன் அப்பாவின் குரலில். பந்தலே சிரித்தது. "மாப்ள அவசரத்தப் பாரு" என்றார் யாரோ. கைதட்டினார்கள். மேளக்காரர் குச்சியைத் தூக்கிவிட்டார். நானும் சிரித்த முகத்தோடு தட்டை நீட்டினேன். வேறு என்ன செய்வது. முடிந்துவிட்டது என்றுதான் நானே நினைத்தேன்.

அபிநயாவின் அம்மா கையை நீட்டவில்லை. புடவைத் தலைப்பைப் பிடித்திருந்த கை அங்கேயே இருந்தது. "மாப்ள," என்றார் உன்னைப் பார்த்து, சிரித்துக்கொண்டேதான், "அந்தக் காலத்துல நிச்சயத்துக்கு மாப்ளைய கூட்டிக்கினே வரமாட்டாங்க. உங்களுக்கு இங்க பேச்சு இல்ல. அண்ணி இன்னும் முடிக்கல." மறுபடி சிரிப்பு எழுந்து, அடங்கியது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நின்றதால் அவர் புருஷனும் நின்றார், மேளக்காரர் குச்சியை இறக்கினார், சபை முழுவதும் நின்றது. இத்தனை வருஷத்தில் எனக்காக யாரும் அப்படி நின்றதில்லை. உதட்டை மூடி "ம்" பிடித்தேன். அது வெளியே கேட்டிருக்கும், அழுகிறேன் என்று சிலர் நினைத்திருக்கலாம். அந்த "ம்" அறுவதற்கு முன்னால் சொன்னேன். பொண்ணு எங்களுக்கு. சின்னதாக வந்தது. கடைசி எழுத்து உடைந்தது. "பாக்கு எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு" என்று சொல்லி அவர் இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் உன் பெரியப்பா என் எதிர் இலைக்கு வந்து உட்கார்ந்தார். அவர் கடைசி வரிசையில் போய் நின்றிருந்தாராம், கேட்கிறதா என்று பார்க்க. "மொத ரெண்டு தடவ கேட்டுதும்மா" என்றார். "மூணாவது கேக்கல. ஆனா அவ்ளோ சனமும் வாய மூடிக்கினு இருந்துது. அதான் நானும் மூடிக்கினேன்." பிறகு அப்பளம் கேட்டு வாங்கினார்.

காரில் நீ சொன்னாய், "நீ கஷ்டப்படறத பாத்துக்கினு நிக்க முடியலம்மா." அது எனக்குத் தெரியும். அன்பில் சொன்னதுதான். நான் கஷ்டப்பட்டேன் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கஷ்டம் எனக்குத் தேவையான ஒரு வேலையாக இருந்தது. நீ அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய், அபிநயாவின் அம்மா திருப்பிக் கொடுத்தார். உனக்குச் சொல்ல எனக்கு இருப்பது இது ஒன்றுதான். நீயும் அபிநயாவும் பூனாவில் தனியாக இருக்கப் போகிறீர்கள். அவள் புது ஊரில், புது மொழியில், கடைக்காரனிடம், வீட்டுக்காரனிடம், உன் நண்பர்களிடம் ஏதோ சொல்லத் தொடங்கி நடுவில் நிற்பாள். உனக்கு மீதி தெரிந்திருக்கும். உனக்கு இந்தியும் தெரியும், வேகமும் உண்டு. சொல்லாதே. அவள் தேடுவது நீ நினைத்த வார்த்தையாக இல்லாமலும் இருக்கலாம். கடைக்காரன் உன்னைப் பார்ப்பான், நீ அவளைப் பார். அம்மா அப்படிக் காத்து நிற்பதை வீட்டில் பார்த்து வளர்ந்தவள் அவள். நீதான் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் செய்யும்போது நானும் பேசுகிறேன், டைப் அடிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். பேச்சின் நடுவில் சில நேரம் சத்தம் இருக்காது. ஹலோ ஹலோ என்று கூப்பிடாதே. சிக்னல் இல்லை என்று வைத்துவிடாதே. லைன் இருக்கும். நான் மூச்செடுத்துக்கொண்டிருப்பேன்.

அம்மா